ஏட்டுச் சிதைவும் தரவுத்தளச் சிதைவும்

சிதைவு என்னும் சொல் தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைத்தில. நற்றிணையில் 234ஆம் பாடலும், ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும், புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும் இல்லை. இவை இழப்புகளே, எனினும் நேர்மையான இழப்புகள். இவ்விடத்தில் ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்பதை நூலின் எண்வரிசையே நமக்குச் சொல்லிவிடுகிறது. பதிப்பாசிரியர்களை உண்மையில் அலைக்கழித்தது வேறொரு வகை. ஏடெழுதுவோர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட, மாறிய சொல்லும் பொருள்தரும் சொல்லாகவே அமைந்துவிட, பின்வந்தோர் அதனையே மூலபாடமெனக் கொண்டு உரையும் வகுத்துவிடுவது அது.

கணிப்பொறித் தரவுத்தளங்களிலும் இவ்விரு வகையும் உண்டு. அன்றாட அலுவலை நடத்திக்கொண்டிருக்கும் தரவுத்தளம் ஒன்று நின்றுபோனால் எல்லாரும் அறிவர், தொலைபேசி ஒலிக்கும், பழுதுபார்ப்போர் வருவர். நில்லாமலும் தயங்காமலும் அது தவறான விடையையே சொல்லிக்கொண்டிருக்குமாயின் யார் அறிவார்? இக்கட்டுரை இந்த இரண்டாம் வகையைப் பற்றியது. இது கணிப்பொறித் துறையார் மட்டுமே பேசத்தக்க பொருள் என்று நாம் கருதவில்லை. பாடவேறுபாடு ஆராயப் பழகிய தமிழ் மாணவர்க்கு இதிற் பாதி முன்னரே தெரிந்த செய்தி என்பது நம் துணிபு.

எல்லைப்புறத்துப் பெயர்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது குருபரப்பள்ளி. சிப்காட் தொழிற்பூங்கா அமைந்த ஊர். கருநாடக எல்லை அண்மையில் இருப்பதால் இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும். ஒரே பெயர் ஓரிடத்தில் தமிழிலும், ஓரிடத்தில் கன்னடத்திலும், மற்றோரிடத்தில் ஆங்கிலத்திலும் எழுதப்படும். இத்தகைய ஊரில் உள்ள தொழிற்சாலை ஒன்றை நம் பாடத்திற்காகக் கற்பித்துக்கொள்வோம். அங்கே வருகைப்பதிவு, ஊதியம், உதிரிப்பாகக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரு தரவுத்தளத்தில் உள்ளன. கௌரம்மா என்னும் பெயருடைய தொழிலாளி ஒருவர் அங்கே பணிபுரிகிறார் என்க.

அவர் பெயரின் முதலெழுத்தைச் சற்றே உற்றுநோக்குவோம். ‘கௌ’ என்பதை ஒருங்குறியில் முறைப்படி எழுதினால் ககரமும் ஔகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். விசைப்பலகையில் ஔகாரக் குறி எளிதிற் கிட்டாதபோது தட்டச்சாளர் ககரத்தின்மேல் எகரக் கொம்பை இட்டு, அருகில் ளகரத்தைத் தட்டிவிடுகிறார். திரையிலும் தாளிலும் ‘கௌரம்மா’வும் ‘கெளரம்மா’வும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். மனிதக் கண் ஒன்றெனக் கொள்வதைக் கணிப்பொறி இரண்டெனக் கொள்ளும். வருகைப்பதிவில் ஒருவர், ஊதியப் பட்டியலில் மற்றொருவர். வருங்கால வைப்புநிதிக்கு விண்ணப்பிக்கும் நாளில் ஆதாரில் உள்ள பெயரும் நிறுவனம் அனுப்பிய பெயரும் பொருந்தாவிடில் பணம் வாராது. பல ஆண்டு உழைத்தவர் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். இங்கே வட்டு பழுதுபடவில்லை, மின்சாரம் தடைப்படவில்லை, ஒரு பிழைச்செய்தியும் தோன்றவில்லை. ஆயினும் தரவு சிதைந்துவிட்டது.

பழைய ஏடுகளில் காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடின்றி எழுதினர் என்பதையும், எகர ஏகாரக் கொம்புகள் ஒன்றாகவே இருந்தன என்பதையும் மாணவர் அறிவர். அந்த மயக்கம் அச்சோடு தீர்ந்தது என்று எண்ணியிருந்தோம். தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஓர் ஊர்ப்பெயர் படும் பாடு

குருபரப்பள்ளி என்னும் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி இதில் எட்டு எழுத்துகள்: கு, ரு, ப, ர, ப், ப, ள், ளி. ஒருங்குறியோ உகரக் குறியையும் புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியே எண்ணும். அவ்வகையில் 13 குறியீடுகள். யூடிஎஃப்-8 என்னும் முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் இடம் கொள்ளும். ஆக 39 பைட். எட்டு, பதின்மூன்று, முப்பத்தொன்பது ஆகிய இம்மூன்று எண்களையும் நினைவிற் கொண்டால் பல சிதைவுகளின் மூலத்தை விரல்விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிடலாம்.

ஊர்ப்பெயருக்கு முப்பது போதும் என்று எண்ணி, ஆங்கிலக் கணக்கில் 30 பைட் ஒதுக்கிய பழைய செயலி ஒன்று இடையில் இருக்குமாயின் பத்துக் குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும். அப்போது கிடைப்பது ‘குருபரப்பள’. ஒதுக்கியது 32 ஆயின் பதினோராவது குறியீடாகிய புள்ளியின் நடுவே வெட்டு விழும். அந்த அரைகுறைப் பைட்டுகளை எந்த எழுத்தாகவும் படிக்க இயலாது. முன்னது வஞ்சகமானது, பின்னதே மேல். ஏனெனில் பின்னது பிழையென்று தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இனி, பெயருக்குப் பதிலாக வரிசையாக வினாக்குறிகள் தோன்றினால் அவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதின்மூன்று வினாக்குறிகள் இருந்தால், ஏதோ ஓர் இடைநிலை தமிழ்க் குறியீடுகளை இன்னவை என்று அறிந்துகொண்டு, தன் பட்டியலில் அவற்றிற்கு இடமில்லாமையால் ஒவ்வொன்றையும் வினாக்குறியாக்கிவிட்டது எனக் கொள்ளலாம். அவ்வாறு மாற்றிச் சேமித்தபின் அத்தரவு போனது போனதுதான். எந்த வினாக்குறி எந்த எழுத்து என்பதைச் சொல்ல யாராலும் இயலாது. மாறாக, தலையிற் கீற்றுடைய உரோமன் எழுத்தும், வட்டத்துள் அடங்கிய வணிகப் பதிவுக்குறியும், பிற ஐரோப்பியக் குறிகளும் கலந்து ஏறத்தாழ முப்பத்தொன்பது குறிகள் தோன்றினால் மனந்தளர வேண்டியதில்லை. பைட்டுகள் அப்படியே உள்ளன. அவற்றைப் படிக்கும் முறையே தவறியது. க என்னும் எழுத்து 224, 174, 149 என மூன்று பைட்டாக உள்ளது. தமிழின் எல்லாக் குறியீடுகளும் 224 எனத் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 என வருவன. ஆகையால்தான் அலங்கோலத்தில் அந்த உரோமன் எழுத்து மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. சரியான முறையிற் படிக்கச் செய்தால் பெயர் மீண்டுவிடும். அறியாத ஒருவர் ‘எல்லாம் கெட்டுவிட்டது’ என்று அந்த வரிகளை அழித்துவிடுவதே இங்கு நேரக்கூடிய உண்மையான கேடு.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தமிழ் மாணவர்க்கு இது சுவையாக இருக்கும் என்பதாற் சற்று விரித்துரைக்கின்றோம். விண்டோஸ்-1252 என்னும் மேலை ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் வெற்றிடங்கள். தமிழின் உகரக் குறியின் மூன்றாம் பைட் 129. புள்ளியின் மூன்றாம் பைட் 141. ஏகாரத்தின் மூன்றாம் பைட் 143, ஐகாரத்தினுடையது 144. ஆகவே தமிழை இப்பட்டியல் வழியே தவறாகப் படித்து மீளச் சேமிக்கும் செயலிகளுட் சில, பிற குறியீடுகளை விட்டுவைத்து, உகரத்தையும் புள்ளியையும் ஏகார ஐகாரங்களையும் மட்டும் குலைத்துவிடும். ஏட்டில் இடப்படாத புள்ளி இவ்வாறு கணிப்பொறியிலும் இடர்ப்படுகிறது! உகரக் குறிக்கும் புள்ளிக்கும் முதலிரண்டு பைட்டுகள் ஒன்றே. மூன்றாவது அழிந்தபின் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. ‘க்’ என்பதா, ‘கு’ என்பதா என்னும் ஐயமே எஞ்சும்.

இவ்வையத்தை நீக்க இலக்கணம் துணைபுரியும். தனிமெய் மொழிக்கு முதலில் வாராது. எனவே நம் ஊர்ப்பெயரின் முதலெழுத்து கு என்றே துணியலாம். வல்லின மெய் தமிழ்ச்சொல்லின் இறுதியில் நில்லாது. எனவே ‘பாட்டு’ என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘கோபால்’ என்பதா, ‘கோபாலு’ என்பதா? ‘வேல்’ என்பதா, ‘வேலு’ என்பதா? இரண்டும் நல்ல பெயர்கள். இரண்டு பெயரிலும் ஆள்கள் உண்டு. இங்கே இலக்கணம் கைவிட்டுவிடும். அத்தொழிலாளி கையெழுத்திட்ட விண்ணப்பத் தாளைத்தான் தேடிச் செல்லவேண்டும். ஊகத்தால் திருத்தத்தக்கது எது, சான்று தேடித் திருத்தவேண்டியது எது என்னும் இப்பகுப்பைத்தான் சுவடிப் பதிப்பிலும் கற்பிக்கின்றோம்.

பழைய எழுத்துருக்களில் உள்ள தரவை ஒருங்குறிக்கு மாற்றும்போதும் இத்தகைய சிக்கல் எழும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே தாப், தாம் என்னும் குறியேற்றங்கள் வந்தன. அவற்றிற்கு முன்னும் பின்னும் டிஸ்கி முதலிய பல முறைகள் வழங்கின. அவற்றிற் கொம்பு, கண் காணும் வரிசையிலேயே, மெய்க்கு முன்னர்ச் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னர். இம்முறைமாற்றத்தை அறியாத மாற்றியிடம் ‘கெலமங்கலம்’ சென்றால், முன்னால் நின்ற கொம்பு பற்றுக்கோடின்றி உதிர்ந்து ‘கலமங்கலம்’ வெளிவரும். இதைப் படிப்போர் எவரும் பிழையென்று ஐயுறார். அப்படியும் ஓர் ஊர் இருக்கக்கூடும் என்றே எண்ணுவர்.

அகரவரிசை மாறினால்

நூலின் இறுதியில் சொல்லடைவு இருப்பதுபோலத் தரவுத்தளத்திலும் அடைவுகள் உண்டு. இலட்சம் வரிகளை முதலிலிருந்து புரட்டாமல் வேண்டிய வரியை உடனே எடுக்க அவை உதவும். அடைவு எதனைச் சார்ந்து நிற்கிறது? வரிசையைச் சார்ந்து. அமுதா, அன்பரசி என்னும் இரு பெயர்களில் எது முன்? தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதியது. ஆகவே அமுதா முன். ஒருங்குறி எண்வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்து மகரத்திற்கு முன்னரே அமைந்துவிட்டது. ஆகவே அன்பரசி முன். இரண்டில் எதுவாயினும் தரவுத்தளத்திற்குக் கேடில்லை. ஆனால் ஒரு வரிசைப்படி அடுக்கிய அடைவை மற்றொரு வரிசைப்படி தேடினால், உள்ள பெயரை ‘இல்லை’ என்று சொல்லிவிடும். அகராதியைத் தவறான பக்கத்தில் திறந்து, அங்கே இல்லாமையால் சொல்லே தமிழில் இல்லை என்று முடிவுகட்டுவதைப் போன்றது இது.

இது கற்பனையன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நிரல்தொகுப்பாகிய ஜி.லிப்.சி. 2018 ஆகஸ்டில் 2.28ஆம் பதிப்பாக வந்தபோது பல மொழிகளுக்குரிய வரிசை விதிகள் திருத்தப்பட்டன. அதற்குமுன் பல மொழியமைப்புகளில் ‘11’ என்பது ‘1-1’ என்பதற்கு முன்னர் வரும். அதன்பின் ‘1-1’ முன்னர் வந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இவ்விதிகளை இயங்குதளத்திடமிருந்தே கடன்வாங்குவது. எனவே இயங்குதளத்தைப் புதுப்பித்த இடங்களில் பழைய அடைவுகள் ஓசையின்றிப் பழுதாயின. உதிரிப்பாக எண்களில் சிறுகோடு இடுவது எல்லாத் தொழிற்சாலைக்கும் பொது வழக்கம் என்பதை நினைக்க. பண்டகசாலையில் இருக்கும் பாகத்தைத் தரவுத்தளம் ‘இல்லை’ என்னும். எழுத்தர் அதனைப் புதிதாகப் பதிவார். ஒரே எண் இருமுறை வரலாகாது என்று காக்க வேண்டிய அடைவே அதனையும் ஏற்றுக்கொள்ளும். இதன் தீர்வு எளிது: இயங்குதளம் மாறியவுடன் அடைவுகளைப் புதிதாகக் கட்டவேண்டும். அதற்குள் இரட்டைப் பதிவுகள் நுழைந்துவிட்டால் அடைவைக் கட்டவே இயலாது. முதலில் அவற்றைக் களைதல் வேண்டும். அந்த வேலையே கடினம்.

வட்டும் நினைவகமும் செய்யும் சிதைவுகளைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். தரவுத்தளம் எழுதும் பக்கம் 8 அல்லது 16 கிலோபைட் அளவினது. அடியில் உள்ள வட்டோ அதனைச் சிறுசிறு துண்டுகளாக எழுதும். நடுவே மின்சாரம் நின்றால் பாதிப் பக்கம் புதியது, பாதி பழையது. இதற்காகவே மைஎஸ்கியூஎல் பக்கத்தை இருமுறை எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் முழுப்பக்கத்தையும் முன்னதாக நிகழ்வேட்டில் எழுதிவைக்கிறது. நினைவகத்தில் ஒரு பிட் புரண்டாலும் எண் மாறிவிடும். 2003ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தின் சகார்பேக் நகர்த் தேர்தலில் ஒரு வேட்பாளர்க்கு 4096 வாக்குகள் மிகுதியாகக் காட்டின. அவர் பெறக்கூடிய உச்ச எண்ணிக்கையையே அது மீறியதால் பிழை புலப்பட்டது. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டதன் அடையாளம். வேறு வரம்பு ஏதும் இல்லாதிருந்தால் யாரும் அறிந்திரார்.

நூலமைப்பில் உள்ள காவல்

வரம்பு மீறியதால் பிழை புலப்பட்டது என்றோம். இதுவே நம் பொருளின் நடுநாடி. எழுதப்பட்டதில் சிறிது மிகை இருந்தாலன்றிப் பிழையைக் காண இயலாது. மிகை என்பது ஒரே செய்தியை வேறொரு வடிவில் மீண்டும் சொல்லிவைப்பது. தரவுத்தளம் ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துகளைக் கணக்கிட்டுப் பெற்ற ஓர் எண்ணைச் சரிபார்ப்புக்காக எழுதிவைக்கிறது. படிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. போஸ்ட்கிரெஸில் இவ்வசதி 2013இல் வந்த 9.3ஆம் பதிப்பில் இடம்பெற்றது; 2025இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து புதிய தரவுத்தளங்களுக்கு அது தானாகவே அமையும். அதற்கு முன்னர் நிறுவியோர் கேட்டுப் பெறாவிடில் அக்காவல் இல்லை. இப்போது இயங்கிவரும் பல தளங்கள் அவ்வாறு நிறுவப்பட்டவையே.

இதனை நம் நூல்களோடு ஒப்பிடுவது வெறும் புகழ்ச்சிக்காகவன்று; ஒப்புமை உண்மையிலேயே பொருந்துகிறது. அகநானூற்றின் நானூறு பாடல்களும் ஒரு கணக்கில் அடுக்கப்பட்டவை. ஒற்றைப்படை எண்ணுடைய பாடல்கள் அனைத்தும் பாலை. 2, 8 என முடியும் எண்ணுடையவை குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 என வருவன நெய்தல். தொகுத்தோர் எக்கருத்தால் இவ்வாறு அடுக்கினராயினும், விளைந்த பயன் ஒன்று: இடையில் ஒரு பாடல் விடுபட்டு, பின்வருவன ஓரெண் முன்னேறிவிட்டால், அவ்விடத்திலிருந்து திணையும் எண்ணும் பொருந்தாமற் போகும். பாடலின் பொருளே அதன் எண்ணுக்குச் சான்று. எண்ணே பொருளுக்குச் சான்று. தரவுத்தளத்தில் ‘இந்த நிரலில் இந்த மதிப்பு வந்தால் அந்த நிரலில் அதுவே வரவேண்டும்’ என்று விதிக்கும் கட்டுப்பாடு இதன் உடன்பிறப்பு.

இக்காவலின் எல்லையையும் காண்போம். பத்துப் பாடல்கள் தொடர்ச்சியாக உதிர்ந்துவிட்டால் வரிசை கெடாது. அப்போது நானூறு என்னும் மொத்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். இரண்டு பாலைப் பாடல்கள் இடம் மாறினால் திணையும் காட்டாது, எண்ணிக்கையும் காட்டாது. அதற்கு வேறு காவல் வேண்டும். ஒரு சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்கும் என்று நம்புவோர் தரவுத்தளத்தைக் காக்க இயலாதவர்.

அந்தாதி இன்னொரு வகை. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாக அமைந்தது. ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் முதலாகையால் ஒன்று விடுபட்டால் விடுபட்ட இடமே தெரிந்துவிடும். மொத்த எண்ணிக்கையோ விடுபட்டதை மட்டும் சொல்லும், இடத்தைச் சொல்லாது. போஸ்ட்கிரெஸின் நிகழ்வேட்டில் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவு எங்கே தொடங்கியது என்பதைத் தாங்கி நிற்கிறது. சங்கிலி அறுந்த இடத்தில் படிப்பது நின்றுவிடும். சீறாப்புராணம் 5027 விருத்தம் என்று எண்ணி வைத்திருப்பது எண்ணிக்கைக் காவல். எதுகையோ எழுத்தளவிலேயே காப்பது. அடியின் இரண்டாம் எழுத்து மாறினால் செவியே பிடித்துவிடும். பதிப்பாசிரியர்கள் எதுகை மோனை கொண்டு எத்தனையோ பாடங்களை மீட்டிருக்கின்றனர். அடியின் நடுவில் உள்ள எழுத்துக்கு இக்காவல் இல்லை. பிழைகளும் அங்கேதான் தங்கின.

பிழை கண்டபின் செய்யத்தக்கது

முதற்கடமை ஒன்றும் எழுதாதிருத்தல். பழுது தெரிந்தவுடன் பழுதுநீக்கும் கட்டளையை இடுவோர் பலர். எஸ்கியூஎல் சர்வரில் உள்ள அத்தகைய கட்டளையின் பெயரிலேயே ‘தரவு இழப்பை அனுமதித்து’ என்னும் பொருளுடைய சொற்கள் உள்ளன, தயாரித்தோர் ஒளிக்கவில்லை. அது முரணான பகுதியை நீக்கி, எஞ்சியதை முரணற்றதாக்கும். முரணின்மை வேறு, உண்மை வேறு. பொருள் விளங்காத அடியைத் தம் சொல்லால் நிரப்பி ஓட்டமாகப் படிக்கச் செய்த ஏடுகளும் உண்டல்லவா? அத்தகைய ஏட்டைவிடச் செல்லரித்த ஏடே பதிப்பாசிரியர்க்குப் பயன்படும். ஆகவே தளத்தை நிறுத்தி, கோப்புகளை உள்ளவாறே வேறொரு வட்டிற் படியெடுத்துவிட்டு, அப்படியின்மேல்தான் ஆய்வு நிகழவேண்டும்.

அடுத்து, சிதைவு எந்த அடுக்கில் என்று காணவேண்டும். அடைவு வழியே தேடினால் கிடைக்காத வரி, முழு அட்டவணையையும் வரிவரியாகப் படிக்கும்போது கிடைக்குமாயின் பழுது அடைவில், தரவு நலமே. இரு வழியிலும் வரி கிடைத்து எழுத்து மட்டும் தவறாயின், திரையை நம்பாமல் பைட்டுகளின் எண்களைக் கேட்டுப் பார்க்கவேண்டும்; 224 இருந்தால் நம்பிக்கை உண்டு, 63 என்னும் வினாக்குறி எண்ணே இருந்தால் இல்லை. பக்கத்தைப் படிக்கவே மறுத்துச் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்றால் வட்டையும் நினைவகத்தையும் மின்வழங்கலையும் ஐயுறுக. எல்லாம் நலமாயிருந்தும் ஒரு தொழிலாளிக்கு இரு வரிகள் இருந்தால், பிழை இயந்திரத்தில் இல்லை. பதிவு முறையில் உள்ளது.

பிறகு, எப்போது தொடங்கியது என்பது. இதுவே பெரும்பாலோர் விட்டுவிடும் வினா. பிழை தெரிந்த நாள் பிழை தோன்றிய நாளன்று. ஒவ்வொரு பழைய படியையும் திறந்து, பின்னோக்கிச் சென்று, நலமாயிருந்த கடைசிப் படியையும் சிதைந்த முதற்படியையும் கண்டால், அவ்விரு நாள்களுக்கிடையில் நிகழ்ந்த மாற்றம் எது என்று தேடலாம். புதிய செயலி வந்ததா, இயங்குதளம் மாறியதா, வட்டு மாற்றப்பட்டதா என்று அலுவலகக் குறிப்பேடு சொல்லும். அக்குறிப்பேட்டை எழுதும் வழக்கம் இருந்தால்.

படிகள் எத்தனை, சான்றுகள் எத்தனை

ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துச் சுவடிகள் கிடைத்தாலும் அவை பத்துச் சான்றாகா. மூலத்தில் உள்ள பிழை பத்திலும் இருக்கும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியது எண்ணிக்கை பெருக்குவதற்கன்று. வேறு வழியாக வந்த பாடத்தைக் காண்பதற்கே. தரவுத்தளத்திலும் முதன்மைத் தளத்தை நொடிதோறும் பின்தொடரும் பிரதித்தளம் ஒன்றை வைத்துவிட்டு, காப்புப் படி இருக்கிறதென்று அமைதி கொள்வோர் உளர். தவறான பெயரை முதன்மைத் தளத்தில் எழுதிய மறுநொடியே பிரதியும் அதனை எழுதிவிடும். வட்டு எரிந்தால் பிரதி காக்கும். தவறான எழுத்திலிருந்து காவாது. அதற்கு வெவ்வேறு வயதுடைய படிகள் வேண்டும்: நேற்றையது, சென்ற வாரத்தது, சென்ற மாதத்தது, சென்ற ஆண்டினது. ஏழு நாள் படியை மட்டும் வைத்திருப்போர்க்கு எட்டாம் நாள் தெரியவரும் சிதைவுக்கு மருந்தில்லை.

படி இருப்பது போதாது. அது திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. காப்புப் படி எடுக்கும் செயலி, பதிப்பு வேறுபாட்டால் பலகாலமாகத் தோல்வியுற்றுவந்தது அப்போதுதான் தெரிந்தது; தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பியிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்த ஒரு படி கைகொடுத்தது. அந்நிறுவனம் இவையனைத்தையும் தானே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது. குருபரப்பள்ளித் தொழிற்சாலையில் மாதம் ஒருமுறை, இயங்கும் தளத்தைத் தொடாமல், வேறொரு கணிப்பொறியிற் படியைத் திறந்து, ஊதியப் பட்டியலின் மொத்தத்தைச் சென்ற மாதம் அச்சிட்ட தாளோடு ஒப்பிட்டுவிட்டால் இவ்வாறு நேராது. தாளில் உள்ள அம்மொத்தம் வேறு வழியாக வந்த சான்று. அதனால்தான் தாளை முற்றும் ஒழித்துவிடலாகாது என்கின்றோம். இதில் எம்மொடு மாறுபடுவோரும் உளர்.

தடுப்பு முறைகளுள் எஞ்சியவற்றைக் கூறுவோம். பெயரைத் திறவுகோலாக்காமல் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிலையான எண் தருதல் வேண்டும். தமிழ் உரை உள்ளே வரும் வாயிலிலேயே அதனை ஒருங்குறியின் சீர்மை வடிவுக்கு மாற்றவேண்டும். ஒகரத்தை ஒரு குறியாக எழுதுவதும், கொம்பும் காலுமாக இரு குறியாக எழுதுவதும் அப்போது ஒன்றாகிவிடும். ஆனால் ஔகாரத்திற்குப் பதிலாக இட்ட ளகரத்தை அம்முறை திருத்தாது. ‘கெள’ என்னும் சேர்க்கையைக் கண்டால் நிறுத்திக் கேட்கும் விதியைத் தனியே எழுதவேண்டும். தானே மாற்றிவிடும் விதியன்று. ‘கெளுத்தி’ என்னும் மீன்பெயரில் ளகரம் முறையானதே. வாயில், வழி, கிடங்கு மூன்றும் யூடிஎஃப்-8 ஆகவே இருத்தல் வேண்டும். வழியில் ஓரிடம் மாறினும் வினாக்குறிகள் வரும். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்-8 என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கியது மூன்று பைட் வரையே கொள்ளும். இக்காலத் தமிழுக்கு அது போதும். 2019இல் ஒருங்குறியிற் சேர்ந்த முந்திரி முதலிய பழைய பின்னக் குறிகளுக்கோ நான்கு பைட் வேண்டும். பழைய நிலக்கணக்கைப் பதிவோர் இதனை மறவாதிருத்தல் நன்று.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வேறுபாடெல்லாம் சிதைவன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்குமுன் பணியிற் சேர்ந்தவரின் பதிவில் குருபரப்பள்ளி, தருமபுரி மாவட்டம் என்றிருந்தால் அது பிழையன்று; அந்நாளின் உண்மை. அவ்வூர் வழியே செல்லும் 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பின்னர் 44ஆம் எண் பெற்றது. பழைய சரக்குச் சீட்டுகளில் 7 என்றே இருக்கும். குருபரபள்ளி என ஒற்று மிகாமல் எழுதுவோரும் பலர், அது பாடவேறுபாடு. ஒரே கட்டளையால் இவற்றையெல்லாம் ‘திருத்தி’ ஒருமைப்படுத்தும் ஆர்வம் எழுத்தர்க்கு எழுமாயின், அடக்கிக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பழைய நிரலை அப்படியே விட்டு, அருகில் ஒரு புதிய நிரல் அமைத்து, இன்றைய வடிவத்தையும் எழுதிய நாளையும் அதிற் பதிக. உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் வைத்தது இவ்வாறே.